கச்சேரிக்குப் போன படகு

“நின்னுக்கிட்டு இருக்கறவங்க உக்காந்தாத்தான் படகு நகரும். டெய்லர் தம்பி, உன்னைத்தான் சொல்றேன், உக்காரு!”

பின்முனையிலிருந்து மாமனார் அதட்டிக்கொண்டிருக்க, முன்முனையில் மருமகள் ஒரு காலைக் கரைக்கல்லில் ஊன்றிப் படகைத் தள்ளினாள். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தள்ளினாள். அடிப்பலகை சேற்றில் உரசி முனகியது. அப்புறம் மனமில்லாமல் விட்டுக்கொடுத்தது. அவள் கயிற்றோடு உள்ளே தாவி உட்கார்ந்து, முதல் வேலையாக விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

இத்தனை பேரை ஏற்றியிருக்கக் கூடாது. ஏற்றும்போதே சொல்லிப் பார்த்தாள்.

“பாதிப் பேரை அடுத்த நடைக்கு விடலாமே மாமா.”

“அடுத்த நடை வர்றதுக்குள்ள அங்க பாதிப் பாட்டு முடிஞ்சிடும். பாவம், எல்லாரும் சிங்காரிச்சுக்கிட்டு வந்து நிக்கறாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “இன்னொரு நடைக்கு எனக்குத் தெம்பு இல்ல தாயி” என்றார்.

தெம்பு இல்லை என்று அவர் வாயால் சொல்லி அவள் கேட்டதே இல்லை. கடுங்காய்ச்சலில் கிடந்தபோதுகூட, ‘படுத்துக்கிடந்தா எப்படி இருக்கும்னு பாக்கறேன்’ என்று சொன்ன மனுஷர். அதோடு, இயந்திரத்தைக் கிளப்பும் கயிற்றையும் இன்று அவளையே இழுக்கச் சொன்னார். தோள்பட்டை பிடித்துக்கொண்டதாம், கோணலாகப் படுத்துவிட்டாராம். முகத்தைப் பார்த்தாள். வேர்த்திருந்தது. வெயிலும் இருந்தது. வெயில்தான் என்று சொல்லிக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வாள்?

ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாளிகை. யாரோ ஒரு பெரிய மனிதர் எந்தக் காலத்திலோ கட்டியது. அவர் வம்சமும் ஓய்ந்து, வம்சத்தின் வழக்குகளும் ஓய்ந்து, இப்போது ஊரார் சிலர் கமிட்டி போட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். மற்ற நாளெல்லாம் சாத்தியே கிடக்கும். கோடை முடிகிற சமயம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் புல்வெளியில் மேடை போட்டுக் கச்சேரி வைப்பார்கள். ஊர்க்காரர்களே பாடுவார்கள், ஊர்க்காரர்களே வாசிப்பார்கள், ஊர்க்காரர்களே கேட்டுவிட்டு, ‘போன வருஷம் இதைவிட நல்லா இருந்துச்சு’ என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்புவார்கள். அதில் அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

முன்பு பாலம் இருந்தது. ஒரு பெருவெள்ளத்தில் அது போய்விட்டது. தூண்கள் மட்டும் மாளிகைத் துறைக்குக் கொஞ்சம் கீழே, உடைந்த பற்களைப் போலத் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. தெரிகிற தூண்களைவிடத் தெரியாத தூண்கள் அதிகம். சாலை வழியாகப் போனால் ஊரைச் சுற்றி, மேட்டைச் சுற்றி, பொழுதே போய்விடும். அதனால் கச்சேரி நாளில் படகுதான். படகென்றால் மாமனார்தான்.

“எங்க தாத்தா காலத்துல அந்தப் படியில கால் வச்சா நாயை அவுத்து விடுவாங்களாம்” என்றார் டெய்லர், அவளுக்கு அடுத்த பலகையில் உட்கார்ந்தபடி. “இப்ப பாரு, எனக்கு நாற்காலி போட்டு வச்சிருக்காங்க.”

“நாய்க்கு வயசாயிடுச்சு, அதான்” என்றாள் ரொட்டிக்கடைக்காரரின் மனைவி, கடைசிப் பலகையிலிருந்து.

படகு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம். கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைப் பார்க்காத இடத்தில் பிறந்தவள். நீச்சல் தெரியாது. கயிறு வீசுகிற ஆள் வேறு வேலைக்குப் போய்விட்டதால், ‘ரெண்டு வாரம் வந்து நில்லு தாயி’ என்று கூப்பிட்டார் மாமனார். அந்த ரெண்டு வாரம் இழுத்துக்கொண்டே போய் வருஷங்கள் ஆகிவிட்டன. பயம் மட்டும் ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை. பயத்தை வாய்க்குள் பூட்டி வைத்துக்கொண்டாள்; அதனால் பேச்சும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. ‘ஊமைக்கோட்டான்’ என்று மாமனார் அவளைச் செல்லமாகக் கூப்பிடுவார். ஊரில் பாதிப் பேருக்கு அவள் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாது.

அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. தூங்குமூஞ்சி மாமா. ஏன் என்று சொல்கிறேன். படகு நடு ஆற்றுக்கு வந்ததும் அவர் தூங்கிவிடுவார். சுக்கான் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையை மெல்ல மெல்லத் தொங்கப் போட்டு, இயந்திரச் சத்தத்தையும் மீறிக் குறட்டை விடுவார். புதிதாக வந்தவர்கள் ‘ஐயோ, படகுக்காரர் தூங்கறாரு’ என்று அலறுவார்கள். பழைய ஆட்கள் அந்த அலறலைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கடைசியில் ஒற்றைக் கண்ணைத் திறந்து, “என்ன, துறை வந்துடுச்சா?” என்பார். கச்சேரியைவிட இதற்காகவே வருகிறேன் என்று சொன்னவர்கள் உண்டு.

‘நடு ஆத்துல என்ன விளையாட்டு மாமா இது?’ என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

‘பயந்தவன் எழுந்து நின்னுடுவான் தாயி. சிரிக்கிறவன் உக்காந்தே இருப்பான்’ என்றார்.

இன்று நடு ஆற்றுக்கு வந்தபோது டெய்லர்தான் ஆரம்பித்தார். “மாமா, என்ன, இன்னும் தூக்கம் வரலையா?”

“வருதுப்பா, வருது” என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

மருமகள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கண் எப்போதும் எதிரே மாளிகையின் மேல்கோடியில் இருக்கும் மாடத்தின் மேல்தான். படகின் மூக்கு துறையைப் பார்த்திருந்தால் துறை கிடைக்காது. ஆறு கீழே தள்ளிக்கொண்டு போய்த் தூண்களில் சேர்த்துவிடும். தண்ணீர் வரும் திசையில் உள்ள அந்த மாடத்தைப் பார்த்து மூக்கை வைத்தால், ஆறே படகை இறக்கிக்கொண்டு வந்து துறையில் விடும். அவளுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. பயந்தவள் கண் ஓர் இடத்தில் நிலைக்க வேண்டுமே, அது அந்த மாடத்தில் நிலைத்துப் பழகிவிட்டது.

அந்த மாடம் இப்போது மெல்ல நகர்ந்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. மாளிகை எப்படி நகரும்? மாடம் போய், ஜன்னல்கள் போய், துறையின் படிகள் வந்து, படிகளும் போய், நேர் எதிரே தூண்கள் வந்து நின்றன. பின்னால் படகு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது.

“தூங்கிட்டாரு! தூங்கிட்டாரு!”

“இன்னைக்குக் குறட்டையைக் காணோமே?”

“குறட்டை விடறதுக்குக்கூடத் தூக்கம் விடலை போல” என்றார் டெய்லர். கைதட்டல்.

அவள் திரும்பிப் பார்த்தாள். மாமனார் சுக்கான் தடியின் மேல் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார். தொப்பி மூக்கு வரை இறங்கியிருந்தது. எப்போதும் இருக்கிற அதே கோலம். ஆனால் இடது கை தொங்கியது. தூங்குவதுபோல நடிக்கிறபோது அவர் கைகளை வயிற்றின் மேல் கட்டிக்கொள்வார். அது ஊராருக்குத் தெரியாது. அவர்களுக்குக் குறட்டைதான் கண்ணில் படும். இவளுக்குத் தெரியும்.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தாள். நடுப்பலகையில் ஆஸ்பத்திரி நர்ஸம்மா உட்கார்ந்திருந்தார், மடியில் கைப்பையோடு, திரும்பிப் பார்த்துச் சிரித்தபடி. ஒரு வார்த்தை போதும். ‘நர்ஸம்மா, மாமாவைப் பாருங்க.’ நர்ஸம்மா எழுந்துவிடுவார். அவர் எழுந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுவார். ஒருத்தி ‘ஐயோ’ என்பாள். அப்புறம் எல்லாரும் ஒரே பக்கம். விளிம்பில் ஒரு சாண்கூட இல்லை.

வாயை மூடிக்கொண்டாள். பிறகு மறுபடி திறந்தாள்.

“யாரும் எழுந்திருக்காதீங்க” என்றாள் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை எங்கிருந்து எடுத்தாளோ. “மாமா என்கிட்ட பந்தயம் கட்டியிருக்காரு. இன்னைக்கு நான் ஓட்டிக் காட்டணுமாம். அவரு தூங்கிக்கிட்டே வருவாராம்.”

“அட, மருமக பேசுது!” என்றாள் ரொட்டிக்கடைக்காரரின் மனைவி. அதற்குப் பிறகுதான் சிரிப்பு வெடித்தது.

“ஜெயிச்சா என்ன தருவாராம்?”

“இனிமே என்னை ஊமைக்கோட்டான்னு கூப்பிட மாட்டாராம்.” கயிற்றை டெய்லரின் மடியில் போட்டாள். “டெய்லரண்ணே, துறை வந்ததும் நீங்கதான் கயிறு வீசணும். உக்காந்துக்கிட்டே வீசணும். நின்னா நான் தோத்துடுவேன்.”

“நீ போம்மா, நான் படுத்துக்கிட்டே வீசறேன்.”

அவள் குனிந்து, ஒவ்வொரு தோளாகப் பிடித்து, படகின் நடுக்கட்டையிலேயே கால் வைத்துப் பின்னால் போனாள். ஓடக் கூடாது. ஓடினால் தெரிந்துவிடும். ‘தைரியமா ஓட்டு’ என்று யாரோ முதுகில் தட்டினார்கள். நர்ஸம்மா அவள் கையைப் பிடித்து அடுத்த பலகைக்குத் தாண்டிவிட்டார். அந்தக் கையின் சூட்டை விட்டுவிட்டு வருவதற்கு அவளுக்கு உயிரே போய்வந்தது. கடைசிப் பலகையில் ரொட்டிக்கடைக்காரரின் அகன்ற முதுகு. அதைத் தாண்டினாள். இப்போது அவளையும் மாமனாரையும் அந்த முதுகு மறைத்தது. புண்ணியவான்.

தொப்பிக்குக் கீழே கண்கள் பாதி திறந்திருந்தன. அவளைப் பார்த்தன. மூச்சு இருந்தது, ஈர மரத்தை அறுப்பதுபோல இழுத்து இழுத்து வந்தது. உதடு அசைந்தது. அவள் காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

“உக்காரு” என்றார்.

உட்கார்ந்தாள். அவர் தலையைத் தன் தோளில் சாய்த்து, கக்கத்திலிருந்து சுக்கான் தடியை உருவினாள். தூண்கள் அருகில் வந்துவிட்டன. அங்கே தண்ணீர் மடிந்து மடிந்து, நுரைத்துச் சுழல்வதும் தெரிந்தது, சத்தமும் கேட்டது. அவற்றுக்கு எதிர்ப்பக்கமாகத் தடியை இழுத்தாள். படகு தூண்களை நோக்கியே இன்னும் திரும்பியது.

“எம்மா, அந்தப் பக்கம் போறியே!” யாரோ கத்தினார்கள். அதில் சிரிப்பு பாதிதான் இருந்தது.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எந்தப் பக்கம் போகக் கூடாதோ, அந்தப் பக்கமாகத் தடியைத் தள்ள வேண்டும். எத்தனை நாள் பார்த்திருக்கிறாள்! ஆனால் எமன் வாயைப் பார்த்துத் தள்ளு என்றால் கை கேட்குமா? கை மரத்துப்போய் நின்றது. அப்போது மாமனாரின் கை, தொங்கிக்கொண்டிருந்த கைதான், அவள் கையின் மேல் வந்து கிடந்தது. அழுத்தியது. அவர்தான் அழுத்தினாரா, சுக்கான் உதைத்ததில் அவர் உடம்பு சரிந்ததா, அவளுக்கு இன்றுவரை தெரியாது. தடி தூண்களின் பக்கம் போயிற்று. படகின் மூக்கு மெதுவாக, மிக மெதுவாக, ஆற்றை எதிர்த்துத் திரும்பியது.

“பாதி தூரம் பயம் காட்டினாத்தானே வித்தை” என்று சத்தமாகச் சொன்னாள். குரல் நடுங்கியது. சிரிப்பினால் நடுங்குகிறது என்று எண்ணிக்கொண்டு அவர்களும் சிரித்தார்கள்.

ஒரு தூண், பச்சைப் பாசியும் துருப்பிடித்த கம்பியுமாக, படகின் ஓரத்தை ஒட்டிப் போயிற்று. ரொட்டிக்கடைக்காரரின் மனைவி கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அந்த அம்மாள் புருஷனின் தொடையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அடியில் ஏதோ ஒன்று பலகையைக் கரகரவென்று உரசிவிட்டுப் போயிற்று. யாரும் எழுந்திருக்கவில்லை.

மாடம் எதிரே வந்தது. அதைக் கண்ணால் பிடித்துக்கொண்டாள். அதை விட்டால் போயிற்று. நடுவே நர்ஸம்மா ஒருமுறை திரும்பி இவளைப் பார்த்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இப்போது கூப்பிடலாமா? தூண்களைத் தாண்டிவிட்டோமே? ஆனால் துறைக்கு முன்னால் ஆறு இன்னொரு முறை இழுக்கும். கூப்பிடலாம், கூடாது, கூப்பிடலாம் என்று மனசு அடித்துக்கொண்டது. தோளில் அறுக்கிற மூச்சு, காதோரம். அதை எண்ணிக்கொண்டே வந்தாள். இயந்திரத்தின் சத்தத்தில் எண்ணிக்கை தவறியது. மறுபடி காதைக் கொடுத்தபோது இயந்திரத்தின் சத்தம் மட்டும் இருந்தது.

தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டாள்.

முழங்காலால் விசைக்கம்பியைத் தள்ளி வேகத்தைக் குறைத்தாள். துறைப்படியில் நின்ற மாளிகைக் காவலாளி, டெய்லர் வீசிய கயிற்றை இரண்டாவது முறைதான் பிடித்தார். படகு கல்லில் மோதி நின்றது. புல்வெளியிலிருந்து பாட்டு தொடங்கியிருந்தது. நிறையப் பெண்கள் சேர்ந்து பாடும் குரல்.

“ஆரம்பிச்சுட்டாங்க, வாங்க வாங்க!”

“முதல்ல முன்னால இருக்கறவங்க இறங்குங்க. ஒவ்வொருத்தரா” என்றாள். குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். இறங்கும்போது ஒவ்வொருவரும் ஏதாவது சொல்லிவிட்டுப் போனார்கள். “மாமா, தோத்துட்டீங்க!” “எழுந்திரிக்க வெக்கமா இருக்கும், விடு.” டெய்லர் கரையிலிருந்து திரும்பி, “கச்சேரி முடிஞ்சு வந்து எழுப்பறேன் மாமா” என்றார். ரொட்டிக்கடைக்காரர் கைத்தாங்கலுக்காக மாமனாரின் தோளையே பிடித்து எழுந்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தத் தோளை நிமிர்த்திப் பிடித்தாள். நர்ஸம்மா முன்பே இறங்கிப் படியேறியிருந்தார். ஓடு, கூப்பிடு என்றது மனசு. ஆனால் இவ்வளவு கூட்டமும் பாசி பிடித்த குறுகலான படியில், ஒரு கால் படகிலும் ஒரு கால் கல்லிலுமாக. கடைசி ஆள் இறங்கும்வரை அவள் சிரித்தாள்.

காவலாளியும் கயிற்றை வளையத்தில் மாட்டிவிட்டு, வாயிலைப் பார்க்கப் போய்விட்டார்.

இப்போது கூப்பிடலாம். குரல் வரவில்லை. எழுந்து போகலாம்; எழுந்தால் அவர் சரிந்துவிடுவார், விளிம்பு அந்தப் பக்கம்தான். அவர் கையைத் தொட்டாள். கன்னத்தைத் தொட்டாள். “மாமா” என்றாள். “எல்லாரும் இறங்கிட்டாங்க மாமா.” தன்னையறியாமல் அந்த ஒற்றைக் கண் திறப்பதற்காகக் காத்திருந்தாள். நல்ல வெயிலில் அவளுக்குக் குளிரெடுத்தது.

மேலே பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தது. புல்வெளியின் ஓரத்துக் கம்பிவேலியில் சிலர் சாய்ந்து ஆற்றைப் பார்த்தார்கள். ஒருத்தி கையை வாயில் குவித்துக் கூவினாள்: “இன்னும் தூங்கறாரா?”

மருமகள் கையை உயர்த்தி ஆட்டினாள். ஆமாம் என்பதுபோல.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பாட்டுகள் மாறின. ஆறு படகைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது; கயிறு கிறீச்சிட்டது. அவிழ்ந்துவிடுமோ? அவிழ்ந்தால் தூண்கள்தான். அவரோடு சேர்ந்து போவதா, அவரை விட்டுவிட்டுக் குதிப்பதா, குதித்தால் நீந்தத் தெரியுமா? இதெல்லாம் ஒரு பக்கம். அதற்கும் அடியில் இன்னொரு பயம் உட்கார்ந்திருந்தது. மேலே மேடையின் பக்கத்தில் ஒயரும் மைக்குமாக நிற்கிறானே அவள் புருஷன், இவருடைய ஒரே பிள்ளை, அவன் கேட்கப்போகிற ஒரு கேள்வி.

நர்ஸம்மாதான் முதலில் வந்தார். கண்ணாடியைப் படகிலேயே விட்டுவிட்டாராம். “இங்கதான் எங்கயோ வச்சேன். மாமா, போதும், உங்களை நாடகத்துல சேர்த்துவிடறேன்...” என்று சொல்லிக்கொண்டே ஒரு காலைப் படகில் வைத்தவர் அப்படியே நின்றார். அடுத்த காலையும் வைத்தார். குனிந்து மாமனாரின் மணிக்கட்டைப் பிடித்தார். கழுத்தில் விரல் வைத்தார். தொப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி இறக்கினார்.

“எப்பம்மா?”

“நடு ஆத்துல.”

“நடு ஆத்துலயா?” நர்ஸம்மாவின் குரல் உயர்ந்தது. “நான் நாலு முழம் தள்ளித்தானே இருந்தேன்? என்னை ஏம்மா கூப்பிடலை?”

நர்ஸம்மா அவளையே பார்த்தார். பிறகு படகின் பலகைகளைப் பார்த்தார், விளிம்பைப் பார்த்தார். கடைசியில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, மாமனாரின் தலையை அவள் தோளிலிருந்து மெல்ல எடுத்தார். “நீ கையை உதறிக்க. மரத்துப்போயிருக்கும்” என்றார். இருவருமாக அவரைப் படகின் தரையில் நீட்டிப் படுக்க வைத்தார்கள். நர்ஸம்மா தன் சால்வையால் போர்த்திவிட்டு, பிள்ளையைக் கூட்டிவரப் போனார்.

அவன் படியிறங்கி வந்தபோது கையில் ஒயர்ச் சுருள் இருந்தது. அதைக் கீழே வைக்க அவனுக்குத் தோன்றவில்லை. கச்சேரியை நடத்தும் கமிட்டியம்மாவும் பின்னால் ஓடிவந்தார். “நிறுத்திடறோம் தம்பி, இப்பவே நிறுத்திடறோம்.”

“வேண்டாம்” என்றான் அவன். “இப்ப நிறுத்தினா அத்தனை பேரும் ஒரே நேரத்துல இந்தப் படிக்கு வருவாங்க. பாடட்டும்.”

தகப்பனின் காலடியில் உட்கார்ந்தான். அவர் செருப்புகளைக் கழற்றி ஒன்றாகச் சேர்த்து வைத்தான். “ஏதாவது சொன்னாரா?” என்றான்.

“உக்காருன்னாரு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் உடைந்தது. முகத்தை முழங்கையில் துடைத்துக்கொண்டு, நர்ஸம்மாவைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். அந்தக் கேள்வி வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

“நர்ஸம்மா இதே படகுலதானே வந்தாங்க?”

“ஆமா.”

மேலே யாரோ ஒருவர் தனியாக ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். இழுத்து இழுத்து, முடியாமல் போகிற ராகம். அவன் ஒயரைச் சுற்றத் தொடங்கினான். ஏற்கெனவே சுற்றியிருந்ததை அவிழ்த்து மறுபடி சுற்றினான்.

“கூப்பிட்டிருந்தா நான் எந்திரிச்சிருப்பேன் தம்பி” என்றார் நர்ஸம்மா, படியில் உட்கார்ந்தபடி. பிழைத்திருப்பார் என்றும் சொல்லவில்லை, பிழைத்திருக்க மாட்டார் என்றும் சொல்லவில்லை.

அவன் சுற்றிக்கொண்டே இருந்தான்.

வெயில் சாயும்போது கச்சேரி முடிந்தது. கமிட்டியம்மா மைக்கில் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும், கைதட்டல் வரவில்லை. கூட்டம் மேல்படியில் வந்து நின்றது. டெய்லர் கீழே வந்து மாமனாரைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மேலே போனார். ஆனால் எல்லாரும் அக்கரை போக வேண்டும். மாமனாரும் போக வேண்டும்.

“நான் ஓட்டறேன்” என்றான் புருஷன். ஆற்றைப் பார்த்துச் சொன்னான். சின்ன வயதிலேயே இந்தப் படகு வேண்டாம் என்று மின்சார வேலைக்குப் போனவன்.

“நீங்க முன்னால போய்க் கயிறைப் பிடிங்க” என்றாள்.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். போய்ப் பிடித்தான்.

முதல் நடையில் ஏற ஆட்கள் தயங்கினார்கள். பேண்ட் வாத்தியக்காரர்கள் நாலைந்து பேர்தான் முன்வந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார்கள். தரையில் அவர் இருந்ததால் வாத்தியங்களை வைக்க இடமில்லை. பெரிய முரசு வாசிப்பவர் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்தார். அவள் இயந்திரக் கயிற்றை இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. தடியைக் கையில் எடுத்தாள். உள்ளங்கை வழுக்கியது, துணியில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தாள். தூண்கள் இருட்டத் தொடங்கியிருந்தன. முன்னால் புருஷனின் முதுகு தெரிந்தது.

படகு ஆற்றின் இழுப்புக்குள் நுழைந்தபோது முரசு தானாக முனகத் தொடங்கியது. இயந்திரத்தின் அதிர்வு பலகை வழியாக ஏறித் தோலில் அடித்தது. முரசுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு உள்ளங்கையை விரித்துத் தோலின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார். சத்தம் நின்றது. அக்கரை வரும்வரை அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.